மீரான் ராவுத்தரின் முழங்காலில் ஒரு கை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் சுக்கு வியாபாரிகள் யாரும் சிரித்துப் பேசமாட்டார்கள். ஈரம் ஏறினால் சரக்கில் பூஞ்சணம் பூத்துவிடும். காலையும் மாலையும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள். டக்கென்று ஒடிந்தால் நிம்மதி. வளைந்து கொடுத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அறுபத்தொன்றாம் வருஷத்து ஆடியில் சைபுதீன் ராவுத்தர் அப்படி ஒரு துண்டை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குடையை மடக்கியபடி ஒருவர் கிடங்குக்குள் வந்தார். வேட்டியைத் தூக்கிச் செருகியிருந்தார். நெற்றிச் சந்தனம் மழையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. சுக்கைப் புடைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மீரான் ராவுத்தரோட பிள்ளை நீங்கதானா?"

"ஆமா. உட்காருங்க சார்." சைபுதீன் எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்துச் சாயா சொன்னார்.

வந்தவர் வெங்கிடாசலம். பாலக்காட்டுக்காரர். எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் படிப்பிப்பவர். சாயா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர் காய்ந்தபடி பேசினார்.

"கொச்சி சரித்திரம்னா ராஜா, போர்த்துகீஸ்காரன், டச்சுக்காரன், இவாளைப் பத்தித்தான் எழுதறா. இந்தத் தெருவுல மூட்டை கட்டி, வஞ்சிப் படகுல ஏத்தி, ஏடன் வரைக்கும் சரக்கு அனுப்பினவா பேரு ஒரு புஸ்தகத்துலயும் இல்லை, ஓய். காலேஜ் லைப்ரரியில ஒரு ரூம் கேட்டு வாங்கியிருக்கேன். பழைய காயிதம், கடுதாசு, படம் எது இருந்தாலும் கொடுங்கோ. வீட்டுப் பெட்டியில இருந்தா கரையான் தின்னும். எங்கிட்ட இருந்தா காலாகாலத்துக்கும் இருக்கும்."

"எங்க அத்தா பேரும் இருக்குமா?"

"பின்னே? அவர் பேரும் இருக்கும், கொடுத்தவர்னு உங்க பேரும் இருக்கும். ஆனா அப்பாவோட படம் ஒண்ணு கட்டாயம் வேணும். முகம் இல்லாத சரித்திரத்தை எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காது."

அன்று மத்தியானம் சைபுதீன் சாப்பிட வீட்டுக்கு நடந்தபோது மழையில் நனைந்தது அவருக்குத் தெரியவில்லை. மீரான் ராவுத்தர் பாலக்காட்டுப் பக்கத்துப் புதுநகரத்திலிருந்து மாட்டு வண்டியில் சுக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர். கையெழுத்துகூடப் போடத் தெரியாதவர். அவர் படம் காலேஜில் கண்ணாடிக்குள் இருக்கப்போகிறது.

வீட்டில் மனைவி ரம்லத் மத்திக் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சைபுதீன் சாப்பிட உட்காராமல், அத்தாவின் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். துறைமுகச் சீட்டுகள், கிடங்கு எழுதி வாங்கிய பத்திரம், ஏடன் வியாபாரி அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், எல்லாவற்றையும் ரம்லத் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். அடியில், பழைய தலைப்பாகைத் துணியில் சுற்றிய படம் ஒன்று இருந்தது.

அத்தாவுக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். போர்ட் கொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. மீரான் ராவுத்தர் கைவைத்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மாயம்மாள் நிற்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் சின்னப் பெண் பீவி, அத்தாவின் முழங்காலில் வளையல் போட்ட கையை ஊன்றிக்கொண்டு.

மாயம்மாள் சைபுதீனின் தாய் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, மீரான் ராவுத்தரின் கிடங்கிலேயே சுக்குப் புடைத்தவள். அவளை அவர் பள்ளிவாசலில் வைத்து முறைப்படி நிக்காஹ் செய்தார். மரியம் என்று பேர் வைத்தார்கள். ஆனால் ராவுத்தர் உட்பட எல்லோரும் கடைசிவரை மாயம்மாள் என்றே கூப்பிட்டார்கள். நிக்காஹ் நடந்த அன்று சைபுதீனின் அம்மா அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அப்போது சைபுதீனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை அவர் மறக்கவே இல்லை.

படம் எடுக்கப் போன நாளில் அத்தா அவரையும் கூப்பிட்டார். "வாடா சைபு, நீயும் வந்து நில்லு." சைபுதீன் போகவில்லை. அம்மாவோ, படம் எடுப்பது ஹராம் என்று சொல்லி எப்போதுமே நிற்காதவள். அதனால் ராவுத்தர் குடும்பத்துப் படம் என்று இருந்த ஒன்றில் மாயம்மாளும் அவள் மகளும் இருந்தார்கள். சைபுதீனும் அவர் அம்மாவும் இல்லை.

அத்தா மௌத்தான பிறகு பெட்டி சைபுதீனிடம் வந்தது. மாயம்மாள் பள்ளுருத்தியில் மகளோடு குடியிருந்தாள். ஒரு தடவை வந்து வாசலில் நின்று கேட்டாள். "தம்பி, அந்தப் படத்தை ஒரு வாரம் தந்தா நகல் எடுத்துட்டுத் திருப்பித் தந்துருவேன்." சைபுதீன், "பார்க்கலாம்" என்றார். பெருநாளுக்கு வந்தபோதும் கேட்டாள். அப்போதும், "பார்க்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள்.

"இதையா கொடுக்கப் போறீங்க?" ரம்லத் கேட்டாள்.

"வேற படம் ஏது?"

"அப்பக் குடுங்க. நல்லதுதானே. பீவி கேட்டா சந்தோஷப்படுவா."

சைபுதீன் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். வருஷா வருஷம் படிக்க வருகிற பிள்ளைகள் எல்லாம் இதைப் பார்ப்பார்கள். இந்தப் பெண் யார் என்று கேட்பார்கள். சுக்குப் புடைத்தவள் என்று யாராவது சொல்வார்கள். அப்போது சைபுதீனின் அம்மா எங்கே என்று யார் கேட்பார்கள்?

"கத்தரியக் கொண்டா," என்றார்.

"எதுக்கு?"

"கொண்டாங்கிறேன்."

ரம்லத் துணி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நாற்காலியின் கைப்பிடியை ஒட்டி மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார். அட்டை கெட்டியாக இருந்தது. முழங்கால் வந்ததும் கத்தரி நின்றது. அந்தச் சின்னக் கையை வெட்டினால் அத்தாவின் காலையும் வெட்ட வேண்டும்.

"அந்தக் கையை என்ன செய்வீங்க?" ரம்லத் கேட்டாள்.

"அது கிடக்கட்டும். யார் பார்க்கப் போறா?"

கையைச் சுற்றி வளைத்து வெட்டினார். விழுந்த துண்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய் அடுப்பில் போட்டார். ரம்லத் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து அவருக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். எதிரில் உட்காரவில்லை.

வெங்கிடாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தைப் பார்த்ததும் மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார்.

"ஓரத்துல வெட்டியிருக்கே?"

"கரையான் அரிச்சுடுச்சு சார். அதான் வெட்டிக் களைஞ்சேன்."

"அடடா. அதுக்குத்தான் நான் தலை தலையா அடிச்சுக்கறேன். மிச்சமாவது கிடைச்சுதே."

*

மழை விட்டு ஓணம் வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. கிடங்கு முற்றத்தில் பாய் விரித்துச் சுக்குக் காயப் போட்டிருந்தார்கள். மத்தியானம் சைபுதீன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பழைய செருப்பு ஒன்று கிடந்தது. உள்ளே பீவியின் குரல் கேட்டது.

அத்தா இறந்த பிறகு பீவி அந்த வீட்டுக்கு வந்தது நல்லது கெட்டதற்கு மட்டும்தான். வந்தாலும் பின்வாசல் வழியாக வந்து ரம்லத்திடம் பேசிவிட்டுப் போய்விடுவாள். அவள் புருஷன் ஷௌகத் அலி வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மகள் சுல்ஃபத் கல்யாண வயதில் இருந்தாள். பீவி வீட்டில் அரிசிமாவுப் பத்திரி சுட்டுச் சாயாக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் முன்வாசல் வழியாக வந்திருந்தாள். வாழையிலையில் சுற்றிய பத்திரிக் கட்டு நடு அறையில் இருந்தது.

சைபுதீனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"அண்ணே, நீங்க செஞ்ச காரியத்தை நான் எப்படிச் சொல்லுவேன்."

"என்ன காரியம்?"

"சாயாக் கடையில பறஞ்சாங்க. மீரான் ராவுத்தர் படம் எறணாகுளத்துல காலேஜில கண்ணாடிக்குள்ள இருக்குன்னு. சுல்ஃபத்தோட அத்தா நம்பல. நான்தான் சொன்னேன், எங்க அண்ணன்தான் குடுத்திருப்பாங்க, வேற யார்கிட்டயும் அந்தப் படம் இல்லைன்னு."

சைபுதீன் தலைத்துண்டை எடுத்து உதறினார். மடித்தார். திரும்பவும் உதறினார்.

"அம்மா எத்தனை ஆசைப்பட்டா தெரியுமா அண்ணே. அவளுக்குக் கிடைக்கலன்னு எனக்கு உங்க மேல ஒரு வருத்தம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதையெல்லாம் பொறுத்துக்கோங்க. வீட்டுல எங்கிட்ட இருந்திருந்தா இந்த மழைக்கும் ஒழுகலுக்கும் எப்பவோ போயிருக்கும். நீங்க அவளைக் கொண்டுபோய் நாலு பேர் பார்க்கிற இடத்துல வச்சிருக்கீங்க. எனக்கு இப்பல்லாம் அம்மா முகமே மறந்துக்கிட்டு வருது அண்ணே. கனவுல வர்றா, குரல் கேக்குது, முகம் மட்டும் தெளிய மாட்டேங்குது."

ரம்லத் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் உண்டு," என்றாள் பீவி. "சுல்ஃபத்தைத் தோப்பும்படியில இருந்து வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. பையன் படகு ரிப்பேர் பார்க்கிறவன். தங்கமான பையன். அவங்க உம்மாவுக்கு மட்டும் ஒரு சங்கடம். பள்ளியில நிக்காஹ் நடந்ததெல்லாம் சரி, ராவுத்தர் குடும்பத்துல உங்க அம்மாவைச் சேர்த்துக்கிட்டாங்களான்னு கேக்குறாங்க. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். எங்கூட வாங்க, எங்க அத்தா எங்கள பக்கத்துல நிறுத்தி எடுத்த படம் காலேஜிலயே இருக்கு, எங்க அண்ணன்தான் குடுத்தாங்க, பார்த்துட்டு முடிவு சொல்லுங்கன்னு. வர்ற சனிக்கிழமை போறோம்."

"அங்க... அங்க எல்லாரையும் உள்ள விட மாட்டாங்க," என்றார் சைபுதீன்.

"விடுவாங்களாம் அண்ணே. பொம்பளைகளும் போலாமாம். கேட்டாச்சு."

அவள் போன பிறகு ரம்லத் இலையைப் பிரித்தாள். பத்திரி இன்னும் சூடாக இருந்தது.

"இப்பவே பின்னால போய்ச் சொல்லுங்க. பஸ் ஏறியிருக்க மாட்டா."

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

"சொல்றேன். சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்."

"அவ உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போறா. எனக்கு உடம்பு கூசுது."

சைபுதீன் பத்திரியைத் தொடவில்லை. மறுநாள் படகில் எறணாகுளம் போனார். படத்தைக் கேட்டு வாங்கி வந்துவிடலாம், படம் அங்கே இல்லை, பூச்சி அரித்துவிட்டது, என்று பீவியிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் யோசித்தார்.

வெங்கிடாசலம் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்தினார். நடுவில் அத்தாவின் படம் இருந்தது. கீழே மலையாளத்தில் அழகாக எழுதிய அட்டை.

"சார், இந்தப் படத்தை மட்டும் திருப்பித் தர முடியுமா?"

"என்ன ஓய் இப்படிக் கேக்கறேள்? ரிஜிஸ்டர்ல பதிஞ்சாச்சு. பிரின்சிபால் வந்து பார்த்து உங்களைப் பத்தி விசாரிச்சார். இனிமே இது காலேஜோட சொத்தாக்கும்." சொல்லிவிட்டுக் குனிந்து கண்ணாடியில் விரல் வைத்தார். "நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். இந்த முழங்கால்ல ஒரு கை இருக்கு பாருங்கோ. குழந்தை கை. பார்க்கறவா எல்லாம் கேக்கறா. இது யாரோடது?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. வெங்கிடாசலம் சத்தம் போடுகிற மனுஷனும் இல்லை. சைபுதீன் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"வீட்டு வேலைக்காரியோட குழந்தையா இருக்கும் சார்."

"அப்படியா! பாருங்கோ, வேலைக்காரி குழந்தையைக்கூடத் தள்ளி நிறுத்தாத மனுஷன்." வெங்கிடாசலம் நெகிழ்ந்துபோனார். "இதை எழுதணும்."

சைபுதீன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

*

சனிக்கிழமை காலையில் சைபுதீன் கிடங்குக்குப் போகாமல் படகுத்துறைக்குப் போனார். துறையிலேயே பீவியைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். ஆனால் பீவி மாப்பிள்ளையின் தாயோடும் சுல்ஃபத்தோடும் ஏற்கனவே படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா, அண்ணனும் வர்றாங்க," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "நமக்குக் காட்டித் தரத்தான் வர்றாங்க."

சைபுதீன் தலையை அசைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். காயல் அமைதியாக இருந்தது. வெலிங்டன் தீவில் கப்பல் ஒன்று கரிப்புகை விட்டுக்கொண்டிருந்தது. சுல்ஃபத் அங்கே கையைக் காட்டி, தன் அத்தா வேலை செய்யும் இடத்தை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் பீவியை ஓரமாகக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அந்த அம்மா என்ன நினைப்பாள்? இறங்கியதும் சொல்லலாம். இறங்கியதும் பெண்கள் முன்னால் விறுவிறுவென்று நடந்தார்கள். அவர் பின்னால் போனார். கல்லூரி வாசல் வந்துவிட்டது.

வெங்கிடாசலம் எழுந்து வந்தார். "வாங்கோ, வாங்கோ. ராவுத்தர் ஆத்து மனுஷாளா? இப்படி வாங்கோ."

பீவி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டியருகே போய்க் குனிந்தாள். சைபுதீன் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பெட்டியின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். படத்தின் மிச்சம் அட்டைக்கு அடியில் மடிந்திருக்கிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது. குனிந்து ஓரத்தை எட்டிப் பார்த்தாள்.

"மோளே, இதுல என்ன எழுதியிருக்கு?"

பீவிக்கு மலையாளம் படிக்க வராது. சுல்ஃபத் பள்ளியில் மலையாளம் படித்தவள். அவள் எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படித்தாள். மீரான் ராவுத்தர், சுக்கு வியாபாரி, மட்டாஞ்சேரி. மகன் சைபுதீன் ராவுத்தர் வழங்கியது. அடுத்த வரியில் அவள் குரல் தேய்ந்தது.

"படி மோளே."

"முழங்காலில் காணும் கை... வீட்டு வேலைக்காரியின் குழந்தையுடையது."

மாப்பிள்ளையின் தாய் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "வேலைக்காரியோடதா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

வெங்கிடாசலம் பெண்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "சைபுதீன் ராவுத்தர் சொன்னதாக்கும் அது. ஏன், தப்பா?"

பீவி தன் வலது கையைக் கண்ணாடி மேல் வைத்தாள். கீழே இருந்த சின்னக் கை அவள் உள்ளங்கைக்குள் மறைந்தது.

"இது என் கை சார்," என்றாள். "அந்த வளையல் அத்தா பெருநாளைக்கு வாங்கிக் குடுத்தது. நான் அழுதேன், படம் எடுக்கிற ஆளு கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டான்னு பயந்துபோய். அத்தாதான், என் காலைப் பிடிச்சுக்கோன்னு சொன்னாங்க." அவள் திரும்பினாள். "அண்ணே."

சைபுதீன் நிலையை விட்டு உள்ளே வந்தார்.

"அது என் தங்கச்சி கை," என்றார். "வேலைக்காரி பிள்ளை இல்ல. எங்க அத்தா நிக்காஹ் செஞ்ச மாயம்மாளோட மக. அவங்களும் படத்துல இருந்தாங்க. கரையான் அரிக்கல சார். நான்தான் வெட்டினேன்."

மாப்பிள்ளையின் தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சுல்ஃபத் அழ ஆரம்பித்தாள். பீவி மட்டும் இரண்டடி முன்னால் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவசரம்தான் இருந்தது.

"சரிண்ணே. வெட்டினது வெட்டினீங்க. அந்தத் துண்டு எங்க?"

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"பெட்டியில இருக்கா? மதினிகிட்ட இருக்கா? ஒட்டிக்கலாம்ணே. ஒட்டினா தெரியாது. எங்க இருக்கு, சொல்லுங்க."

"அடுப்புல போட்டுட்டேன்."

பீவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுல்ஃபத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். செருப்பைப் போட மறந்தாள். மாப்பிள்ளையின் தாய்தான் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வெங்கிடாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னை ஒரு பொய்யை எழுத வெச்சுட்டேளே, ஓய். அதுவும் மெனக்கெட்டு நல்ல கையெழுத்துல."

"அட்டையை எடுத்துருங்க சார்."

"எடுத்தா மட்டும் போறாது. உள்ளதை எழுதணும்." அவர் புதுத் தாளை எடுத்தார். எழுதிக்கொண்டே சொன்னார். "கை, மகள் பீவியுடையது. பக்கத்தில் நின்றது அவள் தாய், மரியம் என்னும் மாயம்மாள். அவள் உருவத்தை மகன் சைபுதீன் வெட்டி நீக்கினார். இப்படி எழுதட்டுமா? வர்ற பிள்ளைகள் எல்லாம் படிக்கும். நீங்களும் நானும் போனப்புறமும் படிக்கும்."

சைபுதீன் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதுங்க," என்றார்.

*

கல்யாணம் நின்றுபோகவில்லை. மாப்பிள்ளையின் தாய் ரம்லத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். "நாலு பேர் முன்னால தங்கச்சின்னு அண்ணன் வாயாலயே சொல்லியாச்சு. எனக்கு அது மதி, வேறொண்ணும் வேண்டாம்." சைபுதீன் காதுக்கு அந்தச் செய்தி வந்தபோது அவர் சுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்த கெடுதல் நல்லதாக முடிந்ததாகப் பஜாரில் இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

ரம்லத் அவரோடு பேசுவதைக் குறைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவரிடம், "கிளம்புங்க, பள்ளுருத்திக்குப் போவோம்," என்று மட்டும் சொன்னாள்.

பீவியின் வீடு கால்வாய்க் கரையில் இருந்தது. ஓலைக் கூரையில் நடுவில் மட்டும் ஓடு. பீவி அடுப்படியில் உட்கார்ந்து பத்திரி பரத்திக்கொண்டிருந்தாள். கொதிக்கும் தண்ணீரில் கிளறிய அரிசிமாவை உருட்டி, பலகையில் வைத்து, குழவியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கல்லில் போட்டாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பத்திரி பாதிகூட ஆகியிருக்கவில்லை.

"உட்காருங்க மதினி. சுல்ஃபத், மாமாவுக்கு நாற்காலி போடு."

சைபுதீன் நாற்காலியில் உட்காராமல் நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"நான் செஞ்சது பொறுக்க முடியாத காரியம் பீவி. நீ என்னைப் பொறுத்துக்கன்னு சொல்ல வரல."

"பின்ன என்னத்துக்கு வந்தீங்க?"

"தெரியல."

பீவி பத்திரியைத் திருப்பிப் போட்டாள். அது உப்பி எழுந்தது. துணியால் அழுத்தி ஆவியை வெளியேற்றினாள்.

"வந்தது வந்தீங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இத்தனை வருஷம் அந்தப் படம் உங்ககிட்டத்தான இருந்துச்சு. கடைசியா அதைப் பார்த்ததும் நீங்கதான். அம்மா அதுல எப்படி இருந்தா?"

சைபுதீன் நிமிர்ந்தார்.

"சேலையைத் தலையில போட்டுக்கிட்டு..."

"சேலை எனக்கு ஞாபகம் இருக்கு. அது பெட்டியில இருந்துச்சு, ரொம்ப நாள். முகத்தைச் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடி தெரிந்தது. அத்தாவின் தலைப்பாகை தெரிந்தது. கத்தரி போக வேண்டிய கோடு தெரிந்தது. மேலிருந்து முழங்கால்வரை அந்தக் கோட்டை அவர் ஒரு மயிரிழை பிசகாமல் சொல்ல முடியும். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அந்த முகத்திலிருந்து கண்ணை விலக்கிக்கொண்டது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. வாசலில் வந்து நின்று கேட்டபோதும் அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை.

"நான் பார்க்கல பீவி," என்றார். "வெட்டுறப்பகூடப் பார்க்கல."

பீவியின் கை குழவியிலேயே நின்றது. கல்லில் கிடந்த பத்திரி கருகும் வாசனை வந்தது. சுல்ஃபத் ஓடிவந்து அதை எடுத்தாள்.

"நான் பார்த்தேன்," என்றாள் ரம்லத்.

பீவி அவள் பக்கம் திரும்பினாள்.

"அடுப்புல விழுந்தப்ப நான் நிலையில நின்னுக்கிட்டிருந்தேன். கையை விட்டு எடுத்திருக்கலாம். எடுக்கல. அந்தக் குத்தம் என்னோடது." ரம்லத் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஓரம்தான் முதல்ல பிடிச்சது. முகத்துக்கு வர நேரமாச்சு. அதுவரைக்கும் பார்த்தேன். நெத்தி அகலம். புருவம் மெலிசு, ஒண்ணு கொஞ்சம் மேலே ஏறி இருந்துச்சு. மூக்குல குத்தின அடையாளம், மூக்குத்தி இல்ல. சிரிக்கக் கூடாதுன்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டிருந்தாங்க. ஆனா கன்னம் சொன்னபடி கேக்கல. கண்ணு மத்தவங்க மாதிரி நேரா பார்க்கல. கீழே, உன் பக்கமாத் தாழ்ந்து இருந்துச்சு. நீ அழுவியோன்னு பார்த்துக்கிட்டிருந்திருக்கணும்."

பீவி மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் விறகு சரிந்தது. யாரும் அதைத் தள்ளிவிடவில்லை.

"மதினி," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

ரம்லத் நெற்றியிலிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினாள். நிலைப்படியில் உட்கார்ந்திருந்த சைபுதீன், தன் அத்தாவின் மனைவியின் முகம் எப்படி இருந்தது என்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார்.